பூச்சி தின்ற ஒன்றரை எழுத்து

கூர்மூக்கு மீனின் பேரில் விளங்கும்
நைல்கரை ஊரில்
நூறு வரிக்கு இவ்வளவு என்று கூலி பேசித்
திருமடல்களைப் படியெடுக்கும் ஹெரைஸ்
இன்றிரவு புருஷனின் கடிதத்தை
விளக்குக்கு நேரே பிடித்திருக்கிறாள்.

நலம், நலமறிய அவா.
எண்ணெய்க்காரனுக்குப் பாக்கி வைக்காதே.
கழுதையை விற்றுவிடாதே.
பிறகு ஒரு துளை.
துளையின் கரையில் தப்பிக் கிடக்கும் 'ஆன்'.
அதன்பின் அவன் வருகை,
அவளுக்கொரு பச்சைக் கண்ணாடிக் குவளை.

எயான் என்றால், நான் வந்தால்.
ஒதான் என்றால், நான் வரும்போது.
இரண்டுக்கும் வால் ஒன்றே, ஆன்.
இரண்டையும் தொடரும் வினை
ஒரே உடுப்பில் வரும்,
அதைக் கேட்டும் பயனில்லை.

(நம் தொல்லை வேறு.
நமக்கு ஐயம் வினையின் வாலில் தொங்கும்,
'வந்த'தன் பிறகுதான் 'ஆல்'.
கிரேக்கனுக்கோ அது
வாசலிலேயே நிற்கும்,
உள்ளே ஆள் உண்டா என்று சொல்லாமல்.)

நல்லவேளை,
'எய்' என்று தொடங்கி
வந்திருந்தால், கொடுத்திருப்பேன் என்று முடிக்கவில்லை.
அது செத்தவர்கள் எழுதும் வாக்கியம்.

கூலிக்கு எழுதுகிறவளுக்கு அளக்கத் தெரியும்.
நாணல் துண்டில் நகத்தால் கீறிக்கொண்டு
அந்தக் கையின் எகரங்களை எல்லாம் அளந்தாள்.
வயிறு தள்ளியவை, இடம் அடைப்பவை.
தகரம் ஒல்லி. ஒகரம் கடுகு.
துளைக்குள் ஓர் எகரம்
தாராளமாக உட்காரும்.
ஒகரமும் தகரமும் நெருக்கிக்கொண்டால்
அவையும் உட்காரும்.
எண்ணெய் தீர்ந்தது.

மறுநாள் வேலையில்
மூலத்தில் எயான் நின்ற இடத்தில்
அவள் கை ஒதான் எழுதிற்று.
பார்த்த கண்ணுக்கும் எழுதிய கைக்கும் நடுவே
யாரோ புகுந்திருந்தார்கள்.
சரிபார்க்கும் டீக்கன் தியோனாஸ்
ஈரப் பஞ்சால் துடைத்தார்.
'திறந்தால் என்றுதான் இருக்கிறது, அம்மா.
திறக்கும்போது என்று எழுதிவிட்டால்
அப்புறம் கதவுக்கு என்ன வேலை?'
அந்தப் பக்கத்துக்கு அரைக் கூலி.
காய்ந்த பிறகு சாய்த்துப் பார்த்தாள்,
ஒகரத்தின் வளையம் போகவில்லை.

நான்காம் நாள்
உப்பு மூட்டைகளோடு படகு வந்தது.
கடிதம் எழுதப்பட்டபோது பக்கத்தில் நின்ற
பெகோஸ் வந்தான்.

'அவனுக்கு ஏது கிரேக்கம்?
நம் பேச்சில்தான் சொன்னான்.
துறைமுகத்து எழுத்தன் மாற்றிப் போட்டான்,
வரிக்கு ஒரு செப்புக்காசு, கொள்ளை.'

என்ன சொன்னான்?

'எய்ஷானேய்.'

எய்ஷானேய்.
எகிப்தியர் வாய்ச்சொல்.
வந்தால் என்பதும் அதுவே,
வரும்போது என்பதும் அதுவே.
இரண்டையும் பிளக்கும் கத்தி
அவள் தாய்மொழியில் இல்லை.
அவன் பிளக்கவில்லை.
பிளந்தவன்
வெயிலுக்குத் துணி கட்டி உட்கார்ந்து
அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே எழுதிய
பேர் தெரியாத ஒருவன்.
அவன் தேர்ந்ததையும்
பூச்சி தின்றுவிட்டது.

எந்த முகத்தோடு சொன்னான் என்று கேட்டாள்.

பெகோஸ் யோசித்தான்.
'நல்ல வெயில்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.'

அவன் போன பிறகு
கழுதைக்குத் தண்ணீர் காட்டினாள்.
பானைக்குள் கைவிட்டு மாவு அள்ளினாள்,
ஒரு பிடி.
இரண்டாம் பிடிக்குப் போன கை
மாவுக்குள்ளேயே நின்றது.